சொல்லாமல் போன பெரியம்மாவுக்கு

பெரியம்மா,

சனிக்கிழமை காலையில் வருகிறேன். அண்ணனிடம் பேசி முடிவாகிவிட்டது. இனிமேல் நீங்கள் என்னோடுதான் இருக்கப் போகிறீர்கள். கிழக்குப் பார்த்த அறை உங்களுக்கு. குளியலறைக்குப் போகிற வழியில் ராத்திரி முழுக்க எரிகிற மாதிரி ஒரு சின்ன விளக்கு போட்டாயிற்று.

இதை அண்ணிதான் உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். எல்லாரும் பார்க்கிற இடத்தில் எதற்கு எழுதுகிறாய், போனில் சொன்னால் போதாதா என்று அண்ணன் கேட்டார். போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுகை வந்து பாதியில் வைத்துவிடுவேன். அதோடு, சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது பெரியம்மாவை எதற்கு இழுத்துப்போட்டுக்கொள்கிறாள் என்கிறார்கள். வீட்டு வீட்டுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

நான் ஏன் உங்களிடம் வளர்ந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதும் தெரியும். அம்மாவும் இதைப் படிப்பார். அம்மா மேல் எனக்குக் குறை இல்லை. அந்தப் பக்கம் இதற்கு மேல் போகவில்லை.

எனக்குப் பேச வேண்டியது அந்த மத்தியானத்தைப் பற்றித்தான்.

அம்மா வீட்டில் என்னைக் கொண்டுவிட நீங்களும் கூட வந்தீர்கள். எனக்குப் பழகட்டும் என்று இரண்டு மூன்று நாள் தங்கினீர்கள். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் துணி காயப்போடப் போனீர்கள், நானும் பின்னாலேயே வந்தேன். "இதைப் பிடிச்சுக்கோ, ஒவ்வொண்ணா எடுத்துக் குடு" என்று கிளிப் டப்பாவை என் கையில் கொடுத்தீர்கள். பச்சையும் நீலமுமாக பிளாஸ்டிக் கிளிப்புகள். ஒன்றில் கம்பிச்சுருள் கழன்று தொங்கியது. அதை மாட்டலாம் என்று படியில் உட்கார்ந்தேன். மாட்ட வரவில்லை. கம்பி விரலில் குத்தி ஒரு பொட்டு ரத்தம் வந்தது. உங்களிடம் காட்ட நிமிர்ந்தேன். கொடியில் பாதித் துணி கிடந்தது, மீதி வாளியிலேயே இருந்தது. வாசலுக்கு ஓடினால் உங்கள் செருப்பு இல்லை.

நான் உடனே அழவில்லை, பெரியம்மா. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வாளியில் துணி இருந்ததே. நீங்கள் ஒரு வேலையைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை. அதனால் வந்துவிடுவீர்கள் என்று படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அம்மா வந்து அந்த மீதித் துணியை எடுத்துக் காயப்போட்டார். அப்போதுதான் அழுதேன்.

குழந்தை அழுமே என்று சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். உங்களுக்கும் யாரோ அப்படித்தான் யோசனை சொல்லியிருப்பார்கள். கொஞ்ச நாள் வந்து பார்க்காதே, பார்த்தால் மறுபடியும் ஏங்கிப்போகும் என்றும் சொன்னார்கள். அப்புறம் "பிள்ளை பழகிக்கிட்டா, சமத்தா இருக்கா" என்று உங்களுக்குச் சேதி வந்தது. அந்தச் சேதியை நம்பி நீங்கள் நிம்மதியாக இருந்தீர்களா? எனக்கு இது தெரிய வேண்டும்.

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்று லண்டனில் ஒருவர் இருந்தார். பெற்றவர்களைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற சின்னக் குழந்தைகளை 1948இலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தவர். வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க விட்டாலே பெரிது என்று பல ஆஸ்பத்திரிகள் இருந்த காலம் அது. முதலில் குழந்தை கத்திக் கூப்பாடு போடும். அப்புறம் கத்துவதை விட்டு ஒடுங்கி, சோர்ந்து கிடக்கும். மூன்றாவதாக எழுந்து விளையாடும், யார் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடும். தாய் வந்தால் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கும். குழந்தை தேறிவிட்டது என்று நர்சுகள் சந்தோஷப்பட்டது இந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்துத்தான். ஆனால் ராபர்ட்சன் மிகவும் கவலைப்பட்டது அந்தக் கட்டத்தைப் பார்த்து. இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததை 1952இல் படமாகவே எடுத்துக் காட்டினார். முதலில் மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். 1959இல் இங்கிலாந்தின் அரசுக் குழு ஒன்று, குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோரைத் தாராளமாக விட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

எனக்கு நோய் ஒன்றும் இல்லை, என்னைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், எல்லாரும் நல்லவர்கள். ஆனாலும் இந்த மூன்று கட்டத்தையும் நான் ஒன்றுவிடாமல் கடந்தேன். என் சமத்து அந்த மூன்றாவது கட்டம்தான்.

அப்புறம் அந்தக் கல்யாண வீடு. தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினீர்கள். நான் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "மறந்துட்டா பாரேன்" என்று சிரித்தீர்கள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். இன்றைக்கும் என்னை யாரிடமாவது அறிமுகப்படுத்தும்போது அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறீர்கள், கொஞ்சம் வலியோடு.

மறக்கவில்லை பெரியம்மா. மேரி எய்ன்ஸ்வொர்த் என்கிற உளவியலாளர் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். தாய் அறையைவிட்டுக் கொஞ்ச நேரம் போய்விட்டுத் திரும்ப வருவாள். போகும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதைத்தான் அவர் உன்னிப்பாகப் பார்த்தார். சில குழந்தைகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பொம்மையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். பிறகு 1977இல் ஆலன் ஸ்ரோஃப், எவரெட் வாட்டர்ஸ் என்ற இருவர், இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து எழுதினார்கள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை, உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டது. கல்யாண வீட்டில் நான் பிடித்திருந்த புடவைத் தலைப்பு அம்மாவுடையது. நான் பார்த்துக்கொண்டிருந்தது உங்கள் செருப்பை.

அண்ணி, அடுத்த பத்தியை விட்டுவிட்டுப் படியுங்கள்.

ஒரே ஒரு தடவை வந்திருக்கலாம். ஊர் முழுக்க எதிர்த்து நின்றாலும் நினைத்ததைச் செய்கிற ஆள் நீங்கள். அண்ணன் படிப்பு விஷயத்தில் பெரியப்பாவையே எதிர்த்து நின்றீர்களே. "வராதே" என்று சொன்னதை மட்டும் எப்படி அவ்வளவு ஒழுங்காகக் கேட்டீர்கள்? அன்றைக்குப் பஸ்ஸில் வழி நெடுக அழுதுகொண்டே போனதாக அண்ணன் சொன்னார். கேட்டு எனக்கு மனசு இளகவில்லை, கோபம்தான் வந்தது. உங்களுக்கு மடியில் தலை சாய்க்கப் பெரியப்பா இருந்தார். யாரிடம் சொல்லி அழுவது என்றுகூடத் தெரியாத வயது எனக்கு. உங்களுக்காக அம்மாவிடம் அழ முடியுமா?

சரி. அண்ணி, இங்கிருந்து படிக்கலாம்.

வளர்ந்த பிறகு உங்கள் வீட்டுக்கு வந்தால் ராத்தங்க மாட்டேன் என்று உங்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வேலை இருக்கிறது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று ஏதாவது சொல்லுவேன். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் தங்கினால் விடிந்து எழுந்திருக்க வேண்டும். எழுந்ததும் முதலில் நீங்கள் வீட்டில் இருக்கிறீர்களா என்று என் காது தேடும். இந்த வயதிலும் தேடுகிறது. அதைவிட, சாயங்காலமே நானாகச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

பெற்றவள் இருக்கும்போது என்று கேட்கிறவர்களுக்கு: 1964இல் ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் இருவரும் கிளாஸ்கோவில் அறுபது குழந்தைகளை ஒன்றரை வயதுவரை வீடு தேடிப் போய்ப் பார்த்து எழுதினார்கள். குழந்தை யாரிடம் ஒட்டிக்கொள்கிறது என்பதைச் சோறு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் மட்டும் தீர்மானிக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவரிடம், முகம் கொடுத்து விளையாடுகிறவரிடம் அது போய் ஒட்டிக்கொண்டது. ஒன்றரை வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் அந்தப் பிடிப்பு இருந்தது. அம்மாவிடம் எனக்கு இருப்பது குறையப் போவதில்லை. உங்களிடம் இருப்பது முதலில் வந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பிடிப்பு பற்றிய சிந்தனைக்கே அடித்தளம் போட்ட ஜான் பௌல்பியை வளர்த்தது ஒரு பணிப்பெண். அவருக்கு ஏறக்குறைய நாலு வயது இருக்கும்போது அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அன்பாக வளர்த்த ஆயா விட்டுப் போவது, தாயை இழப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமான துயரம் என்று பிற்காலத்தில் எழுதினார். பெற்ற தாய் அதே வீட்டில் இருந்த பிள்ளை சொன்னது இது. முதன்முதலில் இதைப் படித்த அன்று நான் உங்களுக்குப் போன் செய்தேன். ஒன்றும் சொல்லாமல், சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

என் மகள் பிறந்த பிறகு, அவள் கவனிக்காதபோது ஓடிவிடு என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். நான் கேட்கவில்லை. செருப்பு மாட்டும்போதே "அம்மா போறேன், சாயங்காலம் வந்துடுவேன்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். தெரு முனைவரை அவள் அழுகை கேட்கும். கேட்டுக்கொண்டே போவேன். ஆனால் நான் வீட்டில் இருக்கிற நேரத்தில் அவள் என்னைக் காவல் காக்கவில்லை, போய் விளையாடினாள். மேரி மெயின் என்கிற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 1980களில் பெற்றோர்களை உட்காரவைத்து அவர்கள் சிறுவயதைச் சொல்லச் சொன்னார்கள். கஷ்டப்பட்டு வளர்ந்தவர்களும் அதை மழுப்பாமல், கோவையாகச் சொல்ல முடிந்தால், பெரும்பாலும் அவர்கள் பிள்ளைகள் அவர்களிடம் நிம்மதியாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது நீங்கள் பாட்டியைத் தேடுகிறீர்கள். சாயங்காலம் ஆனால் "அம்மா எங்கே, வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்குப் போய்விடுவதாக அண்ணன் சொன்னார். பாட்டி செத்து எத்தனை வருஷம் ஆச்சு என்று அவர் சொல்ல, நீங்கள் அன்றைக்குத்தான் செத்த மாதிரி அழுகிறீர்கள். மறுநாளும் அப்படியே. அண்ணனையும் அண்ணியையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், அண்ணி தூங்கி எத்தனை நாளாயிற்றோ. ஆனால் நெதர்லாந்தில் பெரே மீசன் என்கிற உளவியலாளர் மறதி நோய் வந்தவர்களிடம் இதையேதான் கவனித்தார். சுற்றி இருப்பதெல்லாம் அந்நியமாகிப் பயம் வரும்போது, குழந்தையில் யாரைத் தேடினார்களோ அவரைத் தேடுகிறார்கள். நீங்கள் கேட்கும்போது பாட்டி செத்துப்போனதை நான் சொல்லப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டி எப்படித் தலை பின்னிவிடுவார் என்று கேட்பேன். என்னை யாரென்று தெரியாமல் போனாலும் பரவாயில்லை. கல்யாண வீட்டில் நான் உங்களுக்குச் செய்ததை நீங்கள் எனக்குச் செய்ய உரிமை உண்டு.

அண்ணி, சனிக்கிழமை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்து வண்டியில் ஏற்றிவிடலாம், எழுந்தால் அழுவார், எப்படியும் மறந்துவிடுவார் என்று அண்ணன் சொன்னார். வேண்டாம். 2014இல் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சில படத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். என்ன பார்த்தோம் என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துபோயிற்று. அது உண்டாக்கிய சோகமும் சந்தோஷமும் அரை மணி நேரம்வரைகூடப் போகாமல் இருந்தன. விழித்திருக்கும்போதே கூட்டிக்கொண்டு போகிறேன். அழுதால் அழட்டும், பின்சீட்டில் நான் பக்கத்தில் இருப்பேன். அண்ணன் அன்றைக்கு வெளியே எங்கும் போய்விடக் கூடாது. அவரே வண்டிவரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "போய்ட்டு வாங்கம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடவும் வேண்டும்.