பதினொரு விநாடிப் பாடம்

கோண்டாவில், யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பா,

நலம், நலமறிய ஆவல். அங்கே பனி இப்போதுதான் கரைந்தது என்று எழுதியிருந்தாய். இங்கே கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுக்கத் தொடங்கிவிட்டது. அணிலுக்குப் போக மிச்சம் எங்களுக்கு.

உன் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கணினித் திரையைப் பதிந்து காட்ட இலவச மென்பொருள் கேட்டாய். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எங்கள் சனசமூக நிலையத்துக்கு வரும் இளைப்பாறிய அதிபர் ஒருவர் ஊர்க் கோயிலின் வரலாற்றைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி வைத்திருக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழாகத் தெரியாது. மகளுக்கு அனுப்பினால் அங்கே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றும் வழியைத் தொலைபேசியில் மூன்று தரம் சொன்னேன். “ஓம், ஓம்” என்பார். மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து.

சொல்வதைவிடக் காட்டுவோம் என்று, திரையைப் பதியும் இலவச மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவை இறக்கினேன். நல்ல சாமான், விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், குரலும் பதியும். ஆனால் எந்தத் திரையைப் பிடிக்கவேண்டும் என்பதை முதலில் ‘சோர்ஸ்’ பகுதியில் சேர்க்கவேண்டும். நான் சேர்க்காமல் இருபது நிமிடம் தொண்டை வறளப் பேசிக் கறுப்புத் திரையைப் பதிந்துவிட்டேன். மறுபடி பதிந்து அனுப்பியதை அதிபர் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. நானும் பார்த்திருக்கமாட்டேன்.

பிறகுதான் ஸ்கிரீன்டூகிஃப். திரையில் நடப்பதைக் ‘கிஃப்’ என்னும் அசையும் படமாக்கித் தரும். விண்டோஸில் மட்டும் ஓடும், இதுவும் இலவசம். ஒரு வெறும் சட்டம் திரையில் வரும். வேண்டிய இடத்தில் வைத்து எஃப்7 அழுத்தினால் பதியும், எஃப்8 அழுத்தினால் நிற்கும். பதிந்தது படம் படமாக வரிசையில் கிடக்கும். வேண்டாததை வெட்டலாம், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்றும் சொல்லலாம்.

முதல் கிஃப்பில் என் திரைப் பின்னணியான நல்லூர்க் கோபுரத்துக்குப் பின்னே வானம் சேலைக்கரை போலப் பட்டை பட்டையாகக் கிடந்தது. 1987இல் வந்த வடிவம் அல்லவா, ஒரு படத்துக்கு 256 நிறங்கள்தான். பின்னணியை ஒற்றை நிறமாக்கினேன். பட்டையும் போயிற்று, கோப்பும் சிறுத்தது. ஒரே நிறம் தொடர்ந்து வந்தால் அது நன்றாகச் சுருங்கும். புகைப்படமும் குரலும் வேண்டுமென்றால் நீ காணொளியாகவே செய். எங்கே அழுத்துவது என்று காட்ட மட்டும் கிஃப்: ஒலி இல்லை, தானாகத் திரும்பத் திரும்ப ஓடும், அதிபர் எந்த இடத்திலும் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

பதினொரு விநாடியில் முடித்தேன். நடுவில் மனைவியின் வாட்ஸ்அப் செய்தி மூலையில் எட்டிப் பார்த்திருந்தது. அந்த ஒன்பது படங்களையும் கவனமாக அழித்தேன். முடிவு நன்றாகத் தெரியட்டும் என்று கடைசிப் படத்தை மூன்று விநாடி நிற்கவைத்தேன். பதிவதற்கு முன் அறிவிப்புகளை நிறுத்தவேண்டும் என்ற புத்தி அப்போது வரவில்லை. நீ மறந்துவிடாதே.

அடுத்த நாளே அதிபரிடமிருந்து மின்னஞ்சல். சுத்தமான யுனிகோட், ஓர் எழுத்தும் உடையவில்லை. கோயில் வரலாற்றின் முதல் அத்தியாயம் முழுவதும் இருந்தது. கீழே ஒரு வரி: “தம்பி, கடைசியில் மீன் வாங்கினீரா, இல்லையா?”

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்