தூக்குக்கு அவசரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போதைப்பொருள் விற்பவர்களை, மேல்முறையீடு அது இதுவென்று ஆண்டுக்கணக்கில் இழுக்காமல் உடனே தூக்கில் போட வேண்டும் என்று சென்ற வாரம் இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்கும் உண்டு. என் அக்கா மகன் அந்தப் பழக்கத்தால்தான் செத்தான். தகப்பன் இல்லாத பிள்ளை, நான்தான் கொள்ளி வைத்தேன். அவனுக்கு விற்றவனை ஆயுள் முழுக்க உள்ளே வைத்தாலும் எனக்குச் சம்மதம். தூக்கு மட்டும் வேண்டாம்.

நான் லோரி ஓட்டுகிறவன். சுங்கை சிப்புட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்குக் கிளம்பினால் யாராவது ஒரு பொட்டலத்தை நீட்டுவார்கள். "அண்ணே, அங்க மக வேலை செய்யுது, குடுத்துடுங்க." பழைய மைலோ டின், மூடியைச் சுற்றிச் செலோடேப், உள்ளே முறுக்கு என்பார்கள். ஒரே தோட்டத்தில் கூட வளர்ந்தவர்களிடம் பிரித்துக் காட்டு என்று கேட்க வாய் வருமா? நம் மலேசிய நாட்டுச் சட்டப்படி, என் வசமுள்ள டின்னில் போதைப்பொருள் இருந்தால் அது எனக்குத் தெரிந்தே இருந்ததாகத்தான் முதலில் கொள்வார்கள். தெரியாது என்று நான்தான் நிரூபிக்க வேண்டும். ஹெராயின் 15 கிராம் வைத்திருந்தாலே கடத்தல்காரன் என்பது இன்னோர் ஊகம். இரண்டையும் ஒரே ஆள் தலையில் ஏற்றக்கூடாது என்று 2019-இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அதற்காக அந்த நீதிபதிகளுக்கு நன்றி.

கார்த்திகேசு வழக்கை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1979-இல் சுபாங் பக்கம் காருக்குள் ஒரு பெண் குத்திக் கொல்லப்பட்டார். கூட வந்த கார்த்திகேசுவுக்கு மறு ஆண்டு தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு முக்கிய சாட்சியே வந்து, நான் சொன்னது பொய் என்றார். 1981-இல் கார்த்திகேசு விடுதலையானார். சாட்சி சிறைக்குப் போனார். அந்தப் பொய்யைப் போலீசும் கண்டுபிடிக்கவில்லை, நீதிமன்றமும் கண்டுபிடிக்கவில்லை. சொன்னவரே வாய் திறந்ததால்தான் வெளியே வந்தது. அதுவரை கார்த்திகேசுவை உயிரோடு வைத்திருந்தது, வாசகர் வேண்டாம் என்கிற அதே மேல்முறையீடுதான். இன்னொரு வழக்கில் சாட்சி வாயே திறக்காமல் போனால்?

2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. கொலை வழக்கிலும் தூக்குக்குப் பதில் 30 முதல் 40 ஆண்டு சிறை விதிக்க நீதிபதிக்கு இடமிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் தூக்கு இன்னும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. 2018 முதல் தண்டனையை நிறைவேற்றாமல் நிறுத்தி வைத்திருப்பது அரசாங்கத்தின் முடிவு மட்டும்தான். நாளைக்கு வருகிறவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள், குறிப்பாக நம் ஓட்டில் போனவர்கள், தூக்கை முற்றாக நீக்கச் சட்டம் கொண்டுவரும்படி அவையில் எழுந்து கேட்க வேண்டும். தேர்தல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தொடரிலேயே கேளுங்கள்.

இப்படிக்கு,
லோரி ஓட்டுநர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.