ஒப்பந்தப் படம் போதாது, ‘பி’ அட்டவணையை நிரப்புங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் கல்லூரிகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்ட செய்தி படத்தோடு அடிக்கடி வெளியாகிறது. அந்த ஒப்பந்தத்தின் பேரில் எத்தனை மாணவர்கள் போய் ஒரு பருவம் படித்துத் திரும்பினார்கள் என்ற செய்தியைத்தான் காணோம். பணம் இல்லை என்று சொல்ல முடியாது. மாணவர், ஆசிரியர் பரிமாற்றத்துக்கு நிதி தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்துக்கு 2021 முதல் 2027 வரை சுமார் 2,620 கோடி யூரோ ஒதுக்கீடு. அயல்நாட்டு ஒத்துழைப்பு நிதியிலிருந்து மேலும் சுமார் 220 கோடி யூரோ சேர்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதன் ஆசியப் பகுதியில் வருகின்றன. தடங்கல் பெரும்பாலும் நம் பக்கத்துக் கோப்புகளில்தான்.

முதலில் ஒன்று தெளிவாகட்டும். மாணவர், ஆசிரியர் பரிமாற்ற நிதிக்கு இந்தியக் கல்லூரி நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஐரோப்பியக் கல்லூரி, தன் நாட்டில் இந்தத் திட்டத்தை நடத்தும் தேசிய முகமையிடம் விண்ணப்பிக்கும். கெடு வழக்கமாகப் பிப்ரவரியில், பிரஸ்ஸல்ஸ் நேரப்படி பகல் 12 மணி, நமக்கு மாலை 4.30. எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர், எந்தத் துறை, எத்தனை மாதம், ஏன் இந்தக் கல்லூரி என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். இவற்றைக் கேட்டு டிசம்பரிலேயே மின்னஞ்சல் வந்துவிடும். இங்கே அது துறைத் தலைவர், முதல்வர், செயலர் என்று மேசை மேசையாகப் போய்த் திரும்புவதற்குள் பொங்கல் விடுமுறையும் முடிந்துவிடுகிறது. பதில் வராத கல்லூரியின் பெயரை எடுத்துவிட்டு, அங்கே வேறு பெயரை எழுதிவிடுவார்கள்.

இதைத் தாண்டி வருகிற கல்லூரிகளும் இடறும் இடம் ‘கற்றல் ஒப்பந்தம்’. மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் பயணத்துக்கு முன்பே கையெழுத்திடும் படிவம் அது. ‘ஏ’ அட்டவணையில் அங்கே படிக்கப்போகும் தாள்கள். ‘பி’ அட்டவணையில் அவற்றுக்கு ஈடாக இங்கே விட்டுக்கொடுக்கப்படும் தாள்கள், அவற்றின் கிரெடிட்டுகள். நம் ஊரிலிருந்து போகும் படிவங்களில் ‘பி’ பெரும்பாலும் காலியாகக் கிடக்கும், இல்லாவிட்டால் ‘பின்னர் முடிவு செய்யப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். இதன் விலை மாணவர் திரும்பிய பிறகுதான் தெரியும். அங்கே தேறிய தாள்கள் எதுவும் மதிப்பெண் பட்டியலில் ஏறாது. போன பருவத்துத் தாள்களுக்கெல்லாம் இங்கே ‘ஆப்சென்ட்’, பிறகு அரியர். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க ஒரு மாணவரும் முன்வருவதில்லை.

‘பி’யை நிரப்ப முடியாமல் போவதற்கு முதல் காரணம் கிரெடிட் கணக்கு. ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட், 1,500 முதல் 1,800 மணி நேர உழைப்பு. நம் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் ஓராண்டுக்கு 40 கிரெடிட், 1,200 மணி நேரம். ஆக ஒரு பருவத்துக்கு அங்கே 30, இங்கே 20. மூன்றுக்கு இரண்டு என்று கொண்டால் தீர்ந்தது. ஆனால் பாடத்திட்டக் குழுவினர் வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு என்பதை மட்டும் பார்க்கிறார்கள். அங்கே 5 கிரெடிட் தாளுக்கு வாரம் இரண்டு மணி வகுப்புதான் இருக்கலாம். ஆனால் வாசிப்பும் கட்டுரையும் செய்முறையும் சேர்த்து 125 முதல் 150 மணி நேரம் மாணவர் உழைத்தாக வேண்டும். இது தெரியாமல் ‘தரம் குறைவு’ என்று தள்ளிவிடுகிறார்கள். தாளுக்குத் தாள், அலகுக்கு அலகு பொருத்தம் தேடுவதும் வீண் வேலை. விருப்பப் பாடங்களையும் திட்டப்பணியையும் மொத்தமாக ஈடு வைப்பதே நடக்கக்கூடியது.

தன்னாட்சிக் கல்லூரி இதைத் தன் குழுவிலேயே முடித்துக்கொள்ளலாம். இணைப்புக் கல்லூரிக்கு அந்த அதிகாரம் கிடையாது, மதிப்பெண் தருவது பல்கலைக்கழகம். அங்கே முதல்வரின் கையெழுத்து மட்டும் உள்ள கற்றல் ஒப்பந்தம், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் முன் வெறும் தாள்.

நாட்காட்டியும் இடிக்கிறது. ஜெர்மனியில் குளிர்கால வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும். நமக்கு நவம்பரில் தேர்வு, டிசம்பரில் அடுத்த பருவம். ஒரு பருவத்துக்குப் போனவர் இரண்டு பருவங்களை இழப்பார். முதுநிலையின் நான்காம் பருவத் திட்டப்பணியை அங்கே செய்ய அனுப்பினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. குறைந்தபட்சம் 2 மாதம் இருந்தால் போதும் என்பதால் ஆய்வகப் பயிற்சிக்கும் இந்த நிதி பொருந்தும்.

இனி பணம். ஐரோப்பாவுக்குப் போகும் நம் மாணவருக்கு மாதம் ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் 900 யூரோ, ஸ்பெயின், போர்ச்சுகலில் 850, போலந்து, ருமேனியாவில் 800. கல்விக் கட்டணம் கிடையாது. பின்தங்கிய சூழலிலிருந்து வருவோருக்கு மாதம் 250 யூரோ கூடுதல் உண்டு. யாருக்கு என்பதை அந்தந்த நாட்டு முகமை வகுத்திருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். திட்டத்தின் 2024 வழிகாட்டியின்படி பயணப்படி 4,000 முதல் 7,999 கி.மீ. வரை 1,188 யூரோ, அதற்கு மேல் 1,735. ஒருவழித் தூரத்தை வைத்துத்தான் கணக்கு, தொகை போகவர இரண்டுக்கும் சேர்த்து. சிலர் இரண்டால் பெருக்கி வரவுசெலவு போட்டுவிட்டுப் பிறகு முழிக்கிறார்கள். சென்னையிலிருந்து பெர்லின் சுமார் 7,300 கி.மீ., பாரிஸ் 8,000-ஐச் சற்றே தாண்டும். பாரிஸ் போகிறவருக்கு 547 யூரோ அதிகம்!

தொகை போதாது என்பதைவிட, கைக்கு வரும் நேரம்தான் தொல்லை. விசாக் கட்டணம், காப்பீடு, அறைக்கு முன்பணம் எல்லாம் கிளம்பும் முன்பே கட்ட வேண்டியவை. உதவித்தொகையோ, அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் பல இடங்களில் வந்து சேர்கிறது. ஜெர்மன் விசாவுக்கு, வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 992 யூரோ இருப்பதாக 2024 செப்டம்பர் முதல் காட்ட வேண்டும். 900 போக மீதி 92-க்குத் தனியாகச் சான்று தேவைப்படலாம். கல்லூரி ஒரு சிறு சுழல்நிதி வைத்து முன்பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றால் ஏழை மாணவரும் போக முடியும். விமானச் சீட்டை நேரடியாக எடுத்துத் தரும்படி ஐரோப்பியக் கல்லூரியைக் கேட்கவும் விதியில் இடமுண்டு.

எராஸ்மஸ் பிளஸின் உயர்கல்வித் திறன் வளர்ப்புப் பிரிவு வேறு வகை. அதில் இந்தியப் பல்கலைக்கழகமே ஒருங்கிணைப்பாளராக விண்ணப்பிக்கலாம். அனுபவம் குறைந்த கல்லூரிகளை மனத்தில் வைத்து அமைந்த முதல் வகையில் 2 லட்சம் முதல் 4 லட்சம் யூரோ வரை. திட்டச் செலவில் 90 விழுக்காடு அவர்கள் தருவார்கள். திட்டத்தைப் பிரித்து வைக்கும் பணித் தொகுப்புகளில் ஒன்று முடியாவிட்டால் அதற்கான தொகை வராது. இங்கே கவனிக்க வேண்டியது வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பெற்ற வெளிநாட்டு நிதியை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது, நிர்வாகச் செலவும் 20 விழுக்காட்டுக்குள். அறக்கட்டளை நடத்தும் கல்லூரி ஒருங்கிணைப்பாளராகிப் பங்காளிக் கல்லூரிகளுக்குப் பிரித்துத் தரும் ஏற்பாடு அங்கேயே முட்டிக்கொள்ளும். ஐரோப்பிய ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவருக்கும் நேராக அனுப்பும்படி திட்டம் போடுவதே பாதுகாப்பு. கணக்காயரை விண்ணப்பத்துக்கு முன்பே கேளுங்கள், பணம் வந்த பிறகு வேண்டாம். இந்த எராஸ்மஸ் விண்ணப்பத்துக்கான ஒன்பது இலக்கப் பதிவு எண்ணைத் துறைக்கு ஒன்றாக வாங்கி வைத்திருக்கும் கல்லூரிகள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கச் சொல்ல வேண்டும்.

இடைத்தரகர்கள் பற்றியும் ஒரு சொல். எராஸ்மஸ் முண்டஸ் முதுநிலைப் படிப்புக்கு மாணவரே நேராக விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். இதற்கு ஏஜென்ட் எதற்கு? இளைஞர் பரிமாற்றப் பிரிவோ ஐரோப்பாவுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் மட்டும். அதில் இடம் வாங்கித் தருவதாக இங்கே யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்துக்கு எங்கள் வேண்டுகோள் இது: மூன்றுக்கு இரண்டு என்ற கிரெடிட் மாற்று அட்டவணையை எல்லா மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக அறிவிக்க வேண்டும். இணைப்புக் கல்லூரி மாணவரின் கற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஓர் அலுவலரை நியமித்து, 15 நாள் கெடுவும் வைக்க வேண்டும். புதிய ஆண்டுக்கான வழிகாட்டி வழக்கமாக நவம்பர் வாக்கில் வெளியாகிறது. பாடத்திட்டக் குழுக்கள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கூடி ஈட்டுத் தாள்களின் பட்டியலை முடித்து வைத்தால்தான் டிசம்பர் மின்னஞ்சலுக்கு அன்றைக்கே பதில் போகும்.

பன்னாட்டு உறவுப் பிரிவு அலுவலர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி