முதல் ரேஸில் பின்தங்கிய குட்டிக்கு டானிக் வேண்டாம்

வணக்கம்.

பெங்களூரில் குளிர்கால குதிரைப் பந்தய சீசன் தொடங்கியதிலிருந்து கடைக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "குட்டி முதல் ரேஸில் எட்டாவது வந்தது, என்ன டானிக் கொடுக்கலாம்?" சேணமும் தீவனமும் விற்கிற கடை எங்களுடையது, டானிக் விற்றால் எங்களுக்கு லாபம்தான், ஆனாலும் எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம், கொஞ்சம் பொறுங்கள்.

ரேஸ் வீடியோவை இன்னொரு தடவை போட்டு உங்கள் குட்டியை மட்டும் பாருங்கள். புறப்படும் கேட் திறந்ததும் திகைத்து நின்றதா? அது பழக்கக் குறை, டிரெய்னர் நாலு தடவை கேட்டில் நிறுத்தி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடைசி 200 மீட்டரில் முன்னால் போனவை தளரும்போது இது ஜாக்கி சாட்டை எடுக்காமலே நெருங்கி வந்து, வின்னிங் போஸ்ட் தாண்டியும் நிற்க மனமில்லாமல் போயிருந்தால், 1,200 மீட்டர் அதற்குப் போதவில்லை என்று அர்த்தம். தாய் வழியில் 2,000, 2,400 மீட்டர் ஓடியவை இருந்தால் அடுத்த தடவை தூரத்தைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல தொடக்கம் கிடைத்தும் பாதி வழியிலேயே மூச்சு வாங்கினால்தான் கவலை, அதற்கும் முதலில் பார்க்க வேண்டியது டாக்டரை.

வயது வேறு இருக்கிறது. இங்கே ரேஸ் குதிரை எல்லாவற்றுக்கும் கணக்கில் ஜனவரி 1தான் பிறந்தநாள் என்பதால் ஜனவரிக் குட்டியும் ஏப்ரல் குட்டியும் காகிதத்தில் ஒரே வயது, உடம்பில் அப்படி இல்லை. முட்டி எலும்பு முற்றிவிட்டாலும் முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்து வயது தாண்டும்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற குதிரை செக்ரடேரியட் 1972 ஜூலை 4 அன்று தன் முதல் ரேஸில் புறப்பட்டதுமே இடிபட்டு நான்காவதாகத்தான் வந்தது. அடுத்த வருடம் அங்கே பெரிய ரேஸான பெல்மான்ட் ஸ்டேக்ஸை 31 லென்த்தில் (ஒரு லென்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) ஜெயித்தது. (உங்கள் குட்டியும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை!) இங்கிலாந்தில் ஓடிய ஃபிராங்கெல் என்ற பிரபல குதிரை 2010இல் முதல் ரேஸை வெறும் அரை லென்த்தில்தான் ஜெயித்தது, ஆனால் இரண்டாவதாக வந்தது நதானியேல், மறு வருடம் அஸ்காட்டில் கிங் ஜார்ஜ் ஸ்டேக்ஸை வென்ற குதிரை. அதனால் உங்கள் குட்டியோடு ஓடியவை அடுத்தடுத்து என்ன செய்கின்றன என்பதையும் குறித்து வையுங்கள்.

அப்புறம், ஓட்ஸைத் தடாலென்று கூட்டாதீர்கள், வயிற்றுவலி வரும், கால் குளம்பும் கெடும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத டானிக்கில் தடை செய்த மருந்து ஏதாவது இருந்து பரிசோதனையில் சிக்கினால், ஜெயித்த ரேஸும் கையை விட்டுப் போய்விடும்.

மூன்று ரேஸ் ஆகட்டும். அப்போதும் சந்தேகம் இருந்தால் வீடியோவோடு கடைக்கு வாருங்கள், ஞாயிறு மதியம் மட்டும் மூடியிருக்கும்.