சிகாகோவிலிருந்து ரேடியோ செட் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலமா? அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடுகிறார்களா என்று அண்ணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே பனி விட்டு வெயில் வந்துவிட்டது. வேலையில் குறையில்லை.

வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒரு சிறிய பாரில் பாட்டுப் போடுகிறேன் என்றதும், "அதற்கு ஓர் ஆள் எதற்கு?" என்று போனில் கேட்டீர்கள். கோயில் கொடைக்கெல்லாம் ரேடியோ செட் கட்டுகிற உங்களுக்கு அதை விரிவாகச் சொல்ல ஆசை.

நான் போடுவது ஹவுஸ் என்ற நடன இசை. அது பிறந்தது இந்த ஊரில்தான். 1977இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ், தெற்கு ஜெஃபர்சன் தெருவில் 206ஆம் எண் கட்டடத்தில் இருந்த வேர்ஹவுஸ் கிளப்பில் இசைத்தட்டுகளை இடைவெளியில்லாமல் கோத்து விடிய விடிய ஆடவைத்தார். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள். மற்ற இடங்களில் அவர்களுக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடையாது. 2023இல் மாநகராட்சி அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அது எனக்கே கிடைத்த மரியாதைபோல் மகிழ்ந்தேன்.

இப்போது வேலைக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 122 தாள அடி விழும்படி பதிவான நிதானமான பாட்டு ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து 126 அடியில் துள்ளும் பாட்டைக் கொண்டுவர வேண்டும். இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் வேகத்தை மேலும் கீழும் 8 சதவீதம் வரை மாற்றும் நெம்பு இருக்கிறது. ஓடுகிற பாட்டை ஒரேயடியாக ஏற்றினால் பாடுபவரின் குரலே மாறிவிடும். அதனால் முந்தைய பாட்டுகளிலிருந்தே சிறிது சிறிதாக ஏற்றி 124க்கு வந்துவிடுவேன். புதியதையும் 124க்கு இறக்கி, ஹெட்போனில் ஒரு காதால் மட்டும் கேட்டு, இரண்டு டிரம்மும் ஒரே அடியாக விழும்வரை விரல் நுனியால் தட்டைத் தள்ளியும் பிடித்தும் சரிசெய்வேன்.

அதோடு முடியவில்லை. இந்த இசை பெரும்பாலும் 32 அடிக்கு ஒரு முறை திரும்பும். அந்தத் திருப்பத்தின் முதல் அடியில் புதிய பாட்டை விடவேண்டும், அதுவும் அதன் பேஸை, அதாவது அதிரும் தாழ்ந்த ஒலியை, முழுக்க மூடிவைத்து. மேலே சலங்கைபோல் ஒலிக்கும் ஹை ஹாட் என்ற ஜால்ரா ஓசை மட்டும் உள்ளே வரும்; ஆடுகிறவர்களுக்கு ஏதோ நெருங்குகிறது என்று தெரியும். அடுத்த திருப்பம் வந்ததும் ஒரு கை பழைய பேஸை மூடும், மறு கை புதிய பேஸைத் திறக்கும். இரண்டு பேஸும் சேர்ந்து விழுந்தால் ஸ்பீக்கர் உறுமும், ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரியும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா!

எனக்குக் கற்றுத் தருகிற பெரியவர் இளமையில் அந்த வேர்ஹவுஸில் ஆடியவர். "கையைப் பார்க்காதே, காலைப் பார்" என்பார். ஆடுகிறவர்களின் காலைத்தான் சொல்கிறார். வேகமான பாட்டை எட்டரை மணிக்கே போட்டுவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. சுவரோரம் நிற்பவர்கள் முதலில் தோளை அசைக்க வேண்டும், பிறகு கோப்பையைக் கீழே வைக்க வேண்டும். கை காலியானவர்கள் நடுவே வந்த பிறகுதான் பேஸைத் திறக்கவேண்டும். அப்போது கூட்டம் எழுப்பும் ஓசையில் தரை அதிர்கிறது, அண்ணே. இதை எந்த மெஷினும் பார்த்துச் செய்யாது என்றே நம்புகிறேன்.

ரான் ஹார்டி என்று இன்னொருவர் இங்கே மியூசிக் பாக்ஸ் கிளப்பில் இருந்தார். யாரும் கேட்டிராத ஒரு டேப்பை அவர் போட்டபோது கூட்டம் விலகிப் போனதாம். அதே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். நான்காவது முறை எல்லோரும் வெறிகொண்டு ஆடினார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தத் துணிவு எனக்கும் வரவேண்டும்.

ஒரு வேண்டுகோள். பரணில் அப்பாவின் இசைத்தட்டுகள் அடுக்கிக் கிடக்கின்றனவே, அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்தால் வளைந்துவிடும். நிமிர்த்தி, ஓட்டுச்சூடு படாத இடத்தில் வையுங்கள். பொங்கலுக்கு வரும்போது நானே துடைத்துத் தருகிறேன்.

உங்கள் அன்புத் தம்பி