டிவி எழுத்து வேலை பற்றி

பாப்பாவுக்கு,

டிவி நிகழ்ச்சிக்கு எழுதக் கூப்பிடுகிறார்கள், போனால் மேடைக் காமெடி கைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாயே, அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். போ என்றுதான் சொல்வேன்.

நீ இப்போது இருக்கிற நியூயார்க்கிலேயே காமெடியன் லாரி டேவிட் பட்ட பாடு உனக்குத் தெரியும். புரூக்ளின்காரர், வரலாறு படித்தவர், கார் ஓட்டியும் உள்ளாடை விற்றும் பிழைத்துக்கொண்டு ராத்திரியில் கிளப் மேடை ஏறியவர். சில நாள் மேடைக்கு வந்து, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று அப்படியே இறங்கிப் போய்விடுவாராம். சக காமெடியன்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்குத்தான் பல நாள் பிடிக்கவில்லை.

அப்புறம் 1984-85இல் சாட்டர்டே நைட் லைவ் என்ற டிவி காமெடி நிகழ்ச்சியில் எழுத்து வேலை. சீசன் முழுக்க எழுதியும் ஒளிபரப்பானது ஒரே ஒரு ஸ்கெட்ச், அதாவது ஒரே ஒரு குட்டி நகைச்சுவை நாடகம். ஒரு சனிக்கிழமை இரவு கோபத்தில் வேலையை விட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து, பக்கத்து வீட்டு கென்னி கிராமர் சொன்ன யோசனைப்படி திங்கட்கிழமை எதுவுமே நடக்காத மாதிரி போய் உட்கார்ந்துகொண்டார். வீணாய்ப் போனதென்று எல்லோரும் நினைக்கிற அந்த வருஷத்தில் கிடைத்ததைப் பார். ராஜினாமா செய்துவிட்டுத் திரும்பப் போன கதை, பின்னால் அவர் ஜெர்ரி சைன்ஃபெல்டோடு சேர்ந்து உருவாக்கிய சைன்ஃபெல்ட் என்ற காமெடித் தொடரில் ஜார்ஜ் என்ற கதாபாத்திரத்துக்கு ஒரு எபிசோடு ஆனது, யோசனை சொன்ன கிராமர் ஒரு கதாபாத்திரமே ஆனார், அங்கே அப்போது நடித்துக்கொண்டிருந்த ஜூலியா லூயி-டிரைஃபஸ் அதே தொடரில் எலெய்ன் ஆனார். அந்தத் தொடரின் முதல் எபிசோடு 1989இல் வந்தபோது லாரிக்கு வயது 42. ஒளிபரப்புக்கு முன் போட்டுக் காட்டிய இடத்தில் வரவேற்பே இல்லை, என்பிசி சேனல் அதன்பிறகு கேட்டதும் நான்கே எபிசோடுகள். 1998இல் முடியும்போது 180.

உன் சலவைக் கடைப் பெண்மணி கதை மேடையில் எடுபடவில்லை என்று வருத்தப்பட்டாய். வீடியோவில் பலமுறை பார்த்தேன். கதையில் குறை இல்லை, அது இரண்டு பேர் நின்று பேச வேண்டிய விஷயம். ஐந்து நிமிஷ மேடையில் அடுத்தடுத்து சிரிப்பு வந்தாக வேண்டும், உன் கதைக்கோ அவள் பேசாமல் துணி மடிக்கிற நேரமும் வேண்டும். திரைக்கதையில் அந்த நேரத்தை நீ கொடுக்கலாம். அதைத் தூக்கிப் போடாதே, அவர்கள் முதலில் வேண்டாம் என்றாலும் பத்திரமாக வைத்திரு.

யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம் என்கிற ஓப்பன் மைக் இரவுகளுக்குப் போவதை மட்டும் நிறுத்தாதே. 2023இல் அமெரிக்க டிவி, சினிமா எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததைப் படித்ததிலிருந்து இந்த வேலை நிலைக்குமா என்ற கவலை எனக்கு உண்டு. சில வாரத்துக்கு மட்டும் ஆளெடுத்துக் கதைகளைத் தயார் செய்துகொண்டு அனுப்பிவிடுவது வழக்கமாகிக்கொண்டு வந்ததும் அவர்கள் சண்டை போட்டதற்கு ஒரு காரணம். எந்தத் தொடரும் ஒருநாள் முடியும், அன்றைக்கும் உனக்கு மேடை இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் இது எழுத்தாளர் சங்க ஒப்பந்தத்தில் வருகிற வேலையா, மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி பெற எவ்வளவு சம்பாதித்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள். ஒப்பந்தத்தை எனக்கும் அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம்.

அப்பா