குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அறிக்கையைப் 10 நிமிடத்தில் முடிக்கும்படி தலைவர் சொல்லியிருக்கிறார். வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு 9 முறை கூடியது; அதில் 3 முறை போதிய ஆள் சேராமல் (கோரம் இல்லாமல்) டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் கோலப்போட்டியும் நடந்தன. நான்காம் தெரு வாய்க்கால் தூர்வாரப்பட்டது. தெருவிளக்குக்காக 4 மனு கொடுத்ததில் 2 விளக்கு எரிகிறது. தெருநாய் விஷயம் அப்படியே இருக்கிறது.

இனி, நம் தெருச் சண்டைகளைப் பேசித் தீர்க்கச் சங்கம் நடத்தும் சமரசக் குழு. இதைப் பற்றித்தான் டீக்கடையில் பேச்சு அதிகம் என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, "இது நலச் சங்கமா, கட்டப்பஞ்சாயத்தா?" என்று கேட்டார். அன்று நேரமில்லாததால் இன்று பதில் சொல்கிறேன்.

நான் நீதிமன்றத்தில் 34 வருடம் வேலை பார்த்து சிரஸ்தாராக, அதாவது நீதிமன்ற அலுவலகத் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன். என் மேஜையைக் கடந்துபோன முதல் தகவல் அறிக்கைகளில் மூன்று வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். அசிங்கமாகத் திட்டினார், கையால் அடித்தார், கொன்றுவிடுவதாக மிரட்டினார். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இவை 294(பி), 323, 506(2). 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351(3). எண்கள்தான் மாறின, வாக்கியங்கள் மாறவில்லை. "கொன்னுடுவேன்" என்ற சொல் நம் வீடுகளில் பால் பொங்கி வழிந்தாலே வரும். காகிதத்தில் ஏறிவிட்டால் அதற்கு 7 வருடம் வரை தண்டனை.

மூன்றாம் தெரு விஷயம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் முழுதாகத் தெரியாது. அண்ணன் கீழ்வீடு, தம்பி மாடி, இருவருக்கும் ஒரே மோட்டார். செப்டம்பர் மாதம் ஒரு நாள் தொட்டி நிரம்பி வழிந்து, கீழே காயப்போட்டிருந்த வடகம் நனைந்தது. அங்கே ஆரம்பித்த பேச்சு, 2019இல் நடந்த ஒரு காதுகுத்து மொய் வரைக்கும் போனது. எவர்சில்வர் சொம்பு ஒன்று பறந்தது. தம்பிக்கு நெற்றியில் இரண்டு தையல். அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிந்துகொள்ளும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை நான் பார்த்தேன்: தெரிந்த நபர்கள், சொம்பால் தாக்கியதாகச் சொன்னார், சாதாரணக் காயம். அதே நாள் சாயங்காலம் எழுதப்பட்ட புகாரில் சொம்பு இளநீர் அரிவாள் ஆகியிருந்தது. தலைக்குக் குறிவைத்து வீசியதாகவும், விலகியதால் உயிர் தப்பியதாகவும் இருந்தது. புகாரை எழுதியது தம்பி இல்லை, அவருக்கு உதவி செய்ய வந்த ஒரு நலம்விரும்பி. அந்த நலம்விரும்பி நம் சங்க உறுப்பினர்தான். பெயர் வேண்டாம்.

பிரிவு 109, கொலை முயற்சி. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நான்கு பேர்: அண்ணன், அண்ணி, அவர்கள் மகன், 74 வயது அம்மா. பெற்ற அம்மா பெயர் எப்படி வந்தது என்று பிறகு தம்பியிடம் கேட்டேன். "அம்மா பார்த்துக்கிட்டுதானே நின்னாங்க சார்" என்றார்.

இந்த 109 ஏன் பெரிய விஷயம் என்பதை உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 7 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் பிடித்த உடனே உள்ளே தள்ளக் கூடாது, கைது அவசியமா என்று முதலில் யோசிக்க வேண்டும், அவசியமில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது. அது வரதட்சணைக் கொடுமைப் பிரிவான 498ஏ வழக்கு, ஆனால் விதி எல்லாவற்றுக்கும்தான். குடும்பச் சண்டைகளில் வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே வந்துவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 3 வருடம் முதல் 7 வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் விசாரித்துப் பார்க்க இடம் கொடுக்கிறது. 109க்கு 10 வருடம், காயம் பட்டிருந்தால் ஆயுள்வரை. அந்த ஒரு எண்ணைப் போட்டதும் நோட்டீஸ், 14 நாள் என்ற வாசல்கள் சாத்திக்கொள்கின்றன. சொம்புக்கும் அரிவாளுக்கும் நடுவே உள்ள தூரம் இவ்வளவுதான்.

அண்ணன் 11 நாள் உள்ளே இருந்தார். அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே சஸ்பெண்ட் என்பது விதி. ஆர்டர் வீட்டுக்கு வந்தது. அப்புறம் கண்டிஷன் பெயில், தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்து. மகன் சீருடைப் பணியாளர் தேர்வில் ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் முடித்து வெரிஃபிகேஷனுக்குக் காத்திருந்தவன். வழக்கு நிலுவை என்று வந்ததும் பெயர் போய்விட்டது. அவன் சண்டையின்போது மாடிப்படியில் நின்று தண்ணீர் மோட்டாரை நிறுத்தினான், வேறொன்றும் செய்யவில்லை.

ஐந்தாம் நாள் தம்பி என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நெற்றியில் பிளாஸ்திரி இருந்தது. "மிரட்டி விடச் சொன்னேன் சார், உள்ளே தள்ளச் சொல்லலையே." வாபஸ் வாங்கலாமா என்று கேட்டார். வழக்கு பதிவானதும் அது அரசாங்கத்தின் வழக்கு, இவர் அதில் ஒரு சாட்சி, அவ்வளவுதான். கைகலப்புப் பிரிவு மட்டும் இருந்திருந்தால் கீழ்க்கோர்ட்டிலேயே ராஜியாகியிருக்கலாம். 109க்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போட வேண்டும். பிரிவின் எண்ணை மட்டும் பார்க்காமல் காயத்தின் தன்மையையும் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் நரிந்தர் சிங் தீர்ப்பு 2014இல் சொல்வதால் நம்பிக்கை இருக்கிறது. மனு நிலுவையில் இருக்கிறது. இதுவரை வக்கீல் செலவு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து புது மோட்டார் பத்து வாங்கும் அளவுக்குப் போயிருக்கும்.

சம்பவத்தன்று நான் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். போனில் 4 மிஸ்டு கால். ஊரில் இருந்திருந்தால் ஸ்டேஷனுக்குப் போகும் முன் ஏ.ஆர். காப்பியையும் புகாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருப்பேன். குழு ஆரம்பித்ததே அதற்குத்தான். ஞாயிறு 10 மணி முதல் 12 வரை ரேஷன் கடை மாடியில் உட்காருகிறோம். காசு வாங்குவதில்லை, பத்திரத்தில் எழுதுவதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை. பேசிப் பார்க்கிறோம், ஆகாவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சமரச மையத்துக்கு அனுப்புகிறோம். இலவசம்தான், 15100க்குப் போன் செய்யலாம். கட்டப்பஞ்சாயத்துக்காரர் யாரும் வந்தவரை அரசாங்கத்திடம் அனுப்பிவைப்பதில்லை. இந்த ஆண்டு 14 விஷயம் வந்தது. 9 முடிந்தது. 3 சமரச மையத்துக்குப் போனது. 2 குடும்பம் இப்போது என்னோடு பேசுவதில்லை.

அந்த ஒன்பதில் ஒன்றை நான் முடித்ததாக எண்ணியது தப்பு. இரண்டாம் தெருப் பெண் ஒருவர் வந்தார். பிள்ளைகள் படிப்பைப் பார்த்து வீட்டுக்குப் போம்மா என்றேன். மூன்று வாரத்தில் கையில் மாவுக்கட்டோடு வந்தார். குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா அன்று என்னைக் கேட்ட கேள்விகள் மினிட்ஸ் நோட்டில் இருக்கின்றன. அழிக்கவில்லை. அன்றிலிருந்து, அடி என்றாலோ வரதட்சணை என்றாலோ நாங்கள் பேசுவதில்லை. நேரே மகளிர் காவல் நிலையம், அல்லது பெண்கள் உதவி எண் 181. ஜெயிலில் போட வேண்டாம், நகையும் ஜீவனாம்சமும் இருக்க இடமும் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். அந்தப் பெண்ணை அங்கே கூட்டிப்போனது ஆசிரியை அம்மாதான், நான் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் கையிருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. சில வவுச்சர்கள் வர வேண்டியிருக்கிறது. மாதச் சந்தா 50 ரூபாய். 212 வீட்டில் முழு ஆண்டுக்கும் கட்டியவர்கள் 87. இரண்டு வருடமாகக் கட்டாதவர்கள் பட்டியலை ஒட்ட வேண்டாம் என்று குழு முடிவு செய்ததால் ஒட்டவில்லை. மூன்றாம் தெரு அண்ணன் தம்பி இரண்டு வீட்டிலும் பாக்கிதான். அங்கே மட்டும் நான் கேட்கவில்லை. கட்டப்பஞ்சாயத்து என்று கேட்டவர் 2022 ஜூன் வரை கட்டியிருக்கிறார்.

இடம் கொடுத்த ரேஷன் கடைக் கட்டட உரிமையாளருக்கும், நாற்காலி கொடுத்த பந்தல் கடைக்காரருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், பெயர் விடுபட்ட அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு நான் செயலாளராகத் தொடர்வதாக இல்லை. 67 வயதாகிறது, சர்க்கரை இருக்கிறது, வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். யாராவது முன்வந்தால் மினிட்ஸ் நோட்டை இன்றே கொடுத்துவிடுகிறேன். யாரும் வராவிட்டால் பொதுக்குழு என்ன சொல்கிறதோ அதற்குக் கட்டுப்பட வேண்டியதுதான். எப்படியானாலும் குழுவுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெண் வக்கீலாக இருந்தால் நல்லது; ஐந்தாம் தெருவில் ஒருவர் இருக்கிறார், அவர் அப்பா இங்கே உட்கார்ந்திருக்கிறார். மாடி அறைக்கு ஒரு ஃபேன் தேவை. போன சித்திரையில் வியர்வை தாங்காமல் ஒரு மாமியாரும் மருமகளும் சீக்கிரமே சமாதானமாகிப் போனார்கள், ஆனால் அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

அறைச் சாவி என் வீட்டில் இருக்கிறது. ஞாயிறு காலை 9.30க்கு யார் வந்தாலும் தருவேன்.

இப்படிக்கு,
செயலாளர்